நூதனசாலையின் இறந்தகாலம்: இரு தேயிலை நூதனசாலைகளை முன்வைத்துச் சில விமர்சனக் குறிப்புகள்

நூதனசாலை என்ற சொல் ஈழத்துத் தமிழ் வழக்கில் வேரூன்றிவிட்ட ஒன்றாகும். அரும்பொருட்காட்சிச்சாலை, அருங்காட்சியகம், தொல்பொருட்காட்சியகம் என்றெல்லாம் வேறு பெயர்கள் இருப்பினும், எமது பாடசாலைப் பிள்ளைகளும் பேருந்து நடத்துநரும் ஒருங்கே அறிந்த சொல் இதுவே. நூதனம் என்பது புதுமை. பழையனவற்றைப் பேணிவைக்கும் இடத்துக்குப் புதுமையின் பெயரைச் சூட்டியமை முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றும். ஆயின் அப்பெயர் பொருளின் வயதைக் குறித்ததன்று, அதனைக் கண்டவரின் வியப்பைக் குறித்தது எனக் கொண்டால் முரண் நீங்கிவிடும். சென்னையில் 1851ஆம் ஆண்டு நிறுவப்பட்ட நூதனசாலையின் வளவில் அந்தப் பத்தாண்டிலேயே உயிருள்ள விலங்குகளும் சிலகாலம் வைக்கப்பட்டிருந்தன. விலங்குகள் வேறிடத்துக்குப் பெயர்ந்த பின்னரும் நெடுங்காலம் அந்நகர மக்கள் விலங்குக்காட்சிச்சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும், நூதனசாலையைச் ‘செத்த காலேஜ்’ என்றும் வழங்கிவந்தனர். படித்தோர் இதனைப் பாமரரின் அறியாமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிச் சிரிப்பதுண்டு. எமக்கோ இது நூதனசாலை பற்றித் தமிழில் எழுந்த முதல் விமர்சனங்களுள் ஒன்றாகவே படுகிறது. அது கற்பிக்கும் இடம் என்பதை அம்மக்கள் உணர்ந்திருந்தனர். அங்கு வைத்துக் கற்பிக்கப்படுவது முடிந்துபோனவை பற்றியே என்பதையும் உணர்ந்திருந்தனர்.

நூதனசாலைகளை வகைப்படுத்துவோர் வழக்கமாகப் பொருளை அடிப்படையாகக் கொள்வர். இயற்கை வரலாறு, தொல்லியல், இனவரைவியல், கவின்கலை, கைத்தொழில், திறந்தவெளி எனப் பட்டியல் நீளும். நிருவாகத்துக்கு இப்பகுப்பு உதவும். பார்வையாளரின் அனுபவத்தை விளங்கிக்கொள்ள அது அதிகம் உதவாது. ஒரே தன்மையான பொருள்களைக் கொண்ட இரு நூதனசாலைகள் தம்முட் புகுவோரை முற்றிலும் வேறுபட்ட இரு மனிதராக ஆக்கிவிடக்கூடும். எனவே, ஒரு நூதனசாலையை அணுகும்போது அங்கு என்ன இருக்கிறது என்பதோடு, யாருடைய வாழ்க்கையை அது முடிந்துபோனதாகக் காட்டுகிறது, யாரை அதன் பார்வையாளராகக் கருதுகிறது என்ற இரு கேள்விகளையும் எழுப்புதல் வேண்டும். இக்கட்டுரையில் நாம் செய்ய முற்படுவது அதுவே. மலையகத்தில் ஒரே பொருளைப் பற்றி அமைந்த இரு நூதனசாலைகள் இதற்குத் தக்க களமாகின்றன. எனினும் அவற்றிடம் செல்லுமுன் இந்நிறுவனம் எவ்வாறு எம்மிடம் வந்துசேர்ந்தது என்பதைச் சுருக்கமாகவேனும் நோக்குதல் அவசியம்.

பிரித்தானிய நூதனசாலை 1753ஆம் ஆண்டுப் பாராளுமன்றச் சட்டமொன்றின் மூலம் தோற்றுவிக்கப்பட்டு 1759 சனவரியில் திறக்கப்பட்டது. அதன் அடித்தளம் ஹான்ஸ் சுலோன் என்ற மருத்துவர் சேர்த்துவைத்த எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களாகும். சுலோனின் செல்வத்தில் ஒரு பகுதி, யமேக்காவில் அடிமைகளின் உழைப்பால் இயங்கிய சீனித் தோட்டங்களிலிருந்து அவர் மனைவி வழியாக வந்தது. இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாக நிமிர்ந்து நின்ற அவரது மார்பளவுச் சிலையை 2020ஆம் ஆண்டிலேயே அந்நிறுவனம் இடம்மாற்றி, அடிமை உழைப்புடனான தொடர்பை விளக்கும் பேழையொன்றினுள் வைத்தது. உலகின் முதற் பொது நூதனசாலைகளுள் ஒன்றின் அத்திவாரத்தில் தோட்டத் தொழிலாளரின் உழைப்பு புதைந்திருந்தமை எமது விடயத்துக்கு அந்நியமானதன்று. அக்காலத்தில் அனுமதி இலவசமே. ஆயின் முன்கூட்டி விண்ணப்பித்துச் சீட்டுப் பெறவேண்டும். பெற்றவர் சிறு குழுக்களாக அழைத்துச் செல்லப்படுவர். அதாவது பார்வையாளர் ஒரு கனவானின் வீட்டுக்கு வந்த விருந்தாளி.

பாரிஸின் லூவர் வேறொரு வழியிற் பிறந்தது. மன்னனின் அரண்மனை 1793 ஓகஸ்ட் 10ஆந் திகதி, முடியாட்சி வீழ்ந்த முதலாண்டு நிறைவின்போது, நூதனசாலையாகத் திறந்துவைக்கப்பட்டது. மன்னனும் பிரபுக்களும் திருச்சபையும் வைத்திருந்த ஓவியங்களைக் குடிமகன் தன் சொத்தாகப் பார்க்கலானான். விருந்தாளியிலிருந்து உரிமையாளனாக மாறியமை சிறிய மாற்றமன்று. ஆயினும் அந்த உரிமையாளனின் சொத்து விரைவிலேயே நெப்போலியனின் படைகள் இத்தாலியிலிருந்து வாரிக்கொண்டுவந்த சிலைகளாலும் பெருகிற்று என்பதை மறந்துவிடலாகாது. ஒரு நாட்டுக் குடிமகன் உரிமையாளனாகும் அதே மண்டபத்தில் இன்னொரு நாட்டவன் உடைமை இழந்தவனாகிறான்.

குடியேற்ற நாடுகளில் மூன்றாவது நிலையொன்று தோன்றியது. அங்கு பார்வையாளன் விருந்தாளியுமல்லன், உரிமையாளனுமல்லன். அவன் தன்னையே காட்சிப்பொருளாகக் காண்பவன். தேசாதிபதி வில்லியம் கிரகரியின் முயற்சியாற் கொழும்பு நூதனசாலை 1877 சனவரி முதலாந் திகதி திறந்துவைக்கப்பட்டது. ஜேம்ஸ் சிமிதர் வரைந்த அதன் வெண்ணிறக் கட்டடத்தை எழுப்பியவர் வாப்பிச்சி மரைக்கார் என்ற ஒப்பந்தகாரர். திறப்புவிழாவின்போது என்ன பரிசு வேண்டும் எனத் தேசாதிபதி கேட்க, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்க வேண்டும் என்று அவர் வேண்டினார் என ஒரு செய்தி வழங்குகிறது. அச்செய்தியின் உண்மை எவ்வாறாயினும், கட்டியவரின் நாட்காட்டி கட்டடத்தின் நாட்காட்டியில் ஓரிடம் பெற்றதாக மக்கள் நினைவு பேணிவருதல் மகிழ்ச்சிக்குரியதே. நூதனசாலைகளின் வரலாற்றில் அவற்றைக் கட்டியவர்கள் நினைவுகூரப்படுவது அபூர்வம்.

இலங்கைப் பொருள்கள் பட்ட பாடும் பார்வையாளர் பற்றிய பாடமொன்றை எமக்குத் தருகிறது. கண்டி அரசரின் சிம்மாசனம் 1815ஆம் ஆண்டின் பின்னர் இங்கிலாந்து சென்று 1934ஆம் ஆண்டிலேயே திரும்பியது. அம்மன்னர்களின் குடிகளின் வழிவந்தோர் அதனைக் கண்ணாற் காண ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒல்லாந்தர் 1765ஆம் ஆண்டு கண்டியிலிருந்து எடுத்துச்சென்ற அலங்காரப் பீரங்கி 2023 டிசம்பரிலேயே வந்தது. கிழக்குக் கரையிற் கிடைத்த பொன்முலாமிட்ட தாரா தேவியின் படிமம் இன்னும் வரவில்லை. தேசாதிபதி பிரவுண்றிக் 1830ஆம் ஆண்டு அதனைப் பிரித்தானிய நூதனசாலைக்கு வழங்கினார். வழிபாட்டுக்குரிய அத்திருவுருவத்தின் திறந்த மார்பு பொதுமக்களின் ஒழுக்கத்துக்கு ஊறு செய்யும் எனக் கருதி அது பல ஆண்டுகள் ஆய்வறிஞருக்கு மட்டுமே காட்டப்பட்டது. வழிபடப்பட்ட உருவத்தைக் கனவான்கள் தனியறையிற் பூட்டி ஆராய்ந்தனர். பார்க்கத் தகுதியுடையவர் யார் என்பதை நூதனசாலை தீர்மானிக்கும் முறைமைக்கு இதனிலும் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை.

கொழும்பு நூதனசாலையில் உள்ள ஒரு கல்லை மட்டும் இவ்விடத்திற் குறிப்பிட விரும்புகிறோம். காலியில் 1911ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டே அது. சீனக் கடற்தளபதி செங் ஹே நிறுவிய அக்கல்லின் வாசகம் 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி திருமாலின் அவதாரமான தெனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய இறைவனுக்கும் காணிக்கைகளைப் பட்டியலிடுகின்றன. ஒரே கல், மூன்று வாசகர். ஒவ்வொருவரும் தத்தம் தெய்வத்துக்கே அக்காணிக்கை உரியது எனப் படித்துக்கொள்ளலாம். பார்வையாளர் பலராக இருப்பர், அவர்கள் ஒரே பொருளை ஒரே விதமாகப் பார்க்கமாட்டார்கள் என்ற உண்மையைப் பதினைந்தாம் நூற்றாண்டுக் கல்லொன்று அறிந்திருந்தது. அறுநூறு ஆண்டுகளின் பின் நூதனசாலைகள் அதனைக் கோட்பாடாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கின்றன.

அக்கோட்பாட்டுக்குச் சமூகவியல் அடிப்படை வகுத்தவருள் முதன்மையானவர் பியர் பூர்தியு. அவரும் அலன் டார்பலும் 1966ஆம் ஆண்டு வெளியிட்ட நூலுக்காகப் பிரான்சு, கிரேக்கம், ஒல்லாந்து, போலந்து, ஸ்பானியா ஆகிய நாடுகளின் கலை நூதனசாலைகளில் ஆய்வு நடத்தப்பட்டது. அவர்கள் கண்ட முடிவு எளிமையானது: நூதனசாலைக்குச் செல்வது கல்வி மட்டத்தோடு மிக நெருங்கிய தொடர்புடையது, கதவு திறந்திருப்பதனால் மட்டும் எவரும் உள்ளே வந்துவிடுவதில்லை. தொழிலாள வர்க்கத்தைச் சேர்ந்த பார்வையாளர் பலருக்கு நூதனசாலை தேவாலயம் ஒன்றையே நினைவூட்டிற்று. தாழ்ந்த குரல், மெல்லிய நடை, எதையும் தொடக்கூடாது என்ற அச்சம் ஆகியவை மரியாதையின் அடையாளங்கள் என எண்ணப்படுகின்றன. உண்மையில் அவை, இவ்விடம் எமக்குரியதன்று என்ற உணர்வின் அடையாளங்கள். இரசனை என்பது பிறப்பால் வருவதன்று, பயிற்சியால் வருவது. அப்பயிற்சியோ வர்க்க அடிப்படையிற் பங்கிடப்படுகிறது. பயிற்சி பெற்றவர் தம் பயிற்சியை மறந்து அதனைத் தம் இயல்பான நுண்ணுணர்வு என எண்ணிக்கொள்வதும், பயிற்சி பெறாதவர் தம்மிடம் ஏதோ குறையுள்ளது என நம்பிவிடுவதும் இவ்வேற்பாட்டின் இரு முகங்களாகும்.

ஆயினும் பூர்தியுவின் முடிபுகளை எமது சூழலுக்கு அப்படியே பெயர்த்தல் பொருந்தாது. மேலைநாட்டுத் தொழிலாளி நூதனசாலை வாயிலில் தயங்கி நிற்கிறான். எமது கிராமத்தவரோ தலயாத்திரையின் ஒரு பகுதியாக, சமைத்த சோற்றுப் பொதியோடும் கைக்குழந்தையோடும், பேருந்து நிறைய வந்திறங்கி உள்ளே செல்கின்றனர். அவர்கள் உரக்கப் பேசுகின்றனர். சிலையைக் கண்டாற் கைகூப்புகின்றனர். சிலர் பூவும் வைக்க முனைகின்றனர். காவலர் தடுக்கிறார். அழகியல் அறிந்தோர் இதனைப் பண்படாமை என்பர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பொருளின் பயன்பாடு முடிந்துவிட்டது என்ற நூதனசாலையின் தீர்ப்பை ஏற்க மறுக்கும் ஒரு செயலாகவே அக்கைகூப்பலை நாம் காண்கிறோம்.

இக்கருத்துக்கு அறிவுலகில் அணிசெய்தவர் ஆனந்த குமாரசுவாமி ஆவார். கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்ட அதே 1877ஆம் ஆண்டில் அதே நகரிற் பிறந்த அவர், தம் வாழ்நாளின் பிற்பகுதி முழுவதையும், 1917 முதல் 1947இல் மறையும்வரை, பொஸ்ரன் கவின்கலை நூதனசாலையிற் கழித்தார். கலைப்படைப்புகளை ஏன் காட்சிக்கு வைக்கவேண்டும் என்ற வினாவையே தலைப்பாகக் கொண்ட அவரது கட்டுரை, நூதனசாலைக்குள் இருந்தே நூதனசாலையைக் கேள்விக்குட்படுத்திய எழுத்தாகும். அங்குள்ளவை எவையும் காட்சிக்கு வைப்பதற்கென்று செய்யப்பட்டவையல்ல. அவை பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்டவை. பயனை விளக்காது அழகை மட்டும் காட்டுவது பார்வையாளரை ஏமாற்றுவதாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். இதனை நாம் மனமுவந்து ஏற்கிறோம். ஆயின் அவர் கண்ட பயன்பாட்டில் உழைப்பின் உறவுகள் இடம்பெறவில்லை. கைவினைஞனை அவர் போற்றினார். அக்கைவினைஞன் எந்தச் சாதியொழுங்கின் கட்டுப்பாட்டுக்குள், யாருக்காக, என்ன கூலிக்கு உழைத்தான் என்பதை அவர் போதியளவு வினவவில்லை. கடந்தகாலத்தை ஒத்திசைவு மிக்க உலகாகக் காணும் பார்வைக்கு, ஒரு பொருளைச் செய்தவனுக்கும் அதனை அனுபவித்தவனுக்கும் இடையேயான முரண்பாடு புலப்படாது போகும். இக்குறை அவருக்கு மட்டும் உரியதன்று. ஆட்டூர் ஹசேலியஸ் 1891ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோமில் அமைத்த ஸ்கான்சன் என்ற திறந்தவெளி நூதனசாலை, குடியானவரின் வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து, அரசர்களின் இடத்தில் எளிய மக்களை அமர்த்தியது. அது பெரும் சாதனைதான். எனினும் பெருக்கித் துடைத்த குடிசையில் வறுமையும் அழகாகிவிடுகிறது. பசி காட்சிக்கு வருவதில்லை.

இந்தப் பின்னணியில் மலையகத்துக்கு வருவோம்.

கண்டிக்கு அண்மையில், ஹந்தானை மலைச்சரிவில், 1925ஆம் ஆண்டு கட்டப்பட்ட நான்கு மாடித் தேயிலைத் தொழிற்சாலையொன்று உள்ளது. கைவிடப்பட்டுக் கிடந்த அதனை இலங்கைத் தேயிலைச் சபையும் தோட்டத்துரைமார் சங்கமும் திருத்தி 2001ஆம் ஆண்டு தேயிலை நூதனசாலையாகத் திறந்துவைத்தன. கீழ்த்தளத்திற் பழைய மின்பிறப்பாக்கிகளும் இயந்திரங்களும், உருட்டிகளும் உலர்த்திகளும் நிற்கின்றன. மேலே செல்லும்போது, லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் ரெயிலரின் நினைவுப் பொருள்களைக் காண்கிறோம். உச்சித் தளத்தில் தேநீர் அருந்தியபடி சுற்றியுள்ள மலைகளைப் பார்க்கலாம். இயந்திரங்களைப் பேணியுள்ள சிரத்தை பாராட்டுக்குரியது. கைத்தொழில் வரலாறு பயிலும் மாணவர் எவருக்கும் இவ்விடம் பெரும்பயன் தரும்.

ஆயினும் இக்கட்டடத்தினூடே நாம் நடந்த திசையைக் கவனித்தல் வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையின் இயல்பான ஓட்டம் மேலிருந்து கீழானது. கொழுந்து முதலில் மேல்மாடிக்கு ஏற்றப்பட்டு வாடவிடப்படும். வாடியபின் கீழே இறக்கப்பட்டு உருட்டப்படும், நொதிக்கவிடப்படும், உலர்த்தப்படும், தரம்பிரிக்கப்படும். பார்வையாளரோ கீழிருந்து மேலே ஏறுகின்றார். இயந்திரத்திற் தொடங்கி, தோட்டத்துரையைக் கடந்து, தேநீர்க் கிண்ணத்தில் முடிகின்றார். கொழுந்து வாடிய தளத்தில் அவர் களைப்பாறுகின்றார். உற்பத்தியின் திசை ஒன்று, நுகர்வின் திசை மற்றொன்று. அந்நூதனசாலை பார்வையாளரை நுகர்வின் திசையில் அழைத்துச்செல்கிறது. அவர் தேநீர் பருகுபவராகவே உள்ளே வருகின்றார், தேநீர் பருகுபவராகவே வெளியேறுகின்றார். இதிற் சூழ்ச்சி எதுவுமில்லை. ஒரு தொழிலைச் சந்தைப்படுத்தும் பொறுப்புடைய நிறுவனங்கள் அமைத்த நூதனசாலை அவ்வாறே அமையும். கொழுந்து தொழிற்சாலையை அடையுமுன் நிகழ்ந்தவை அனைத்தும் அக்கட்டடத்தின் இயல்பினாலேயே அதற்கு வெளியே நின்றுவிடுகின்றன என்பதே எமது கருத்து. பெரட்டுக்களத்துத் தப்பொலி, அட்டை கடித்த கால், படங்குச்சாக்கின் மேல் தலையில் தொங்கும் கூடை, மாலையில் நிறுவை ஆகியவற்றுக்குக் கூரையிட்டுக் காட்ட இயலாது.

மற்றையது கம்பளையிலிருந்து றம்பொடைப் பக்கம் செல்லும் மலைப்பாதையில், நியூ பீக்கொக் தோட்டத்தில் உள்ளது. சமூக அபிவிருத்தி நிறுவனத்தின் முயற்சியால் 2007ஆம் ஆண்டு அமைந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையே அது. பழைய லயமொன்றே அதன் கட்டடம். தேடிச் செல்பவரே அதனைக் காண்பர்; உல்லாசப் பிரயாணிகளின் பெருவழி அங்கு செல்வதில்லை. தொழிற்கருவிகள், வீட்டுப் பாத்திரங்கள், இசைக்கருவிகள், ஆவணங்கள், ஒளிப்படங்கள் என்பன அதன் உடைமைகள். கவ்வாத்துக் கத்தியோ கூடையோ கலைப்பெறுமதி கருதிக் கொழும்பிலோ இலண்டனிலோ ஒருவரும் சேகரித்திரார். தொழிலாளரின் வீடுகளிற் கிடந்தவை தொழிலாளரின் வீடொன்றிலேயே காட்சியாகின.

இங்கு பார்வையாளரின் அனுபவம் பொருளில் தொடங்குவதில்லை, உடலில் தொடங்குகிறது. இஸ்தோப்பிற் குனிந்து நுழைகின்றோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என வாசித்து அறிந்த அளவு அப்போதுதான் அளவாகிறது. நால்வர் நின்றால் ஐந்தாமவர் வெளியே காத்திருக்க வேண்டியுள்ளது. ஒரு குடும்பத்தின் பிறப்பும் பிணியும் திருமணமும் சாவும் இதற்குள் நிகழ்ந்தன என்பதைப் பெயர்ப்பலகை எதுவும் சொல்லவேண்டியதில்லை. ஹந்தானையிற் கட்டடம் பொருள்களைத் தாங்கும் கொள்கலம். இங்கு கட்டடமே தலையாய சான்று.

ஆவணங்களுள் ஒருவகை பற்றிச் சிறிது விரித்துரைத்தல் பயனுடையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளருக்குத் தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரவில்லை ஒன்று வழங்கப்பட்டது. வில்லையிலுள்ள இலக்கத்தைக் கொண்டே இன்ன தோட்டத்துக்குரியவர் என அறிந்து அவர் வழியனுப்பப்பட்டார். மற்றொன்று ‘துண்டு’: கங்காணியின் கடன் தீர்ந்தாலன்றி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் பெயரவிடாத சீட்டு. இம்முறை 1921ஆம் ஆண்டு சட்டப்படி ஒழிக்கப்பட்டது. பின்னர் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அதன் விளைவுகளைத் தீர்ப்பதாகக் கூறி 1964ஆம் ஆண்டு இரு பிரதமர்கள் செய்துகொண்ட உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 150,000 பேர் 1974ஆம் ஆண்டு சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். நூதனசாலையிற் புதிதாகச் சேரும் பொருளுக்கு முதலிற் செய்யப்படுவது இலக்கமிடுதல். அடுத்தது எந்தப் பிரிவுக்குரியது எனப் பதிதல். இடமிருந்தால் வைத்துக்கொள்ளுதல், இன்றேல் வேறிடத்துக்கு அனுப்புதல். மனிதர் மீது நிகழ்த்தப்பட்ட ஒரு பெரும் பதிவேட்டு நடவடிக்கையின் எச்சங்களே அக்கடதாசிகள். அவை இன்று அம்மனிதரின் வழித்தோன்றல்களாலேயே பேணப்படும்போது, பதிவேட்டின் உரிமை கைமாறியுள்ளது என்பதை ஊன்றி நோக்குதல் தகும்.

அங்கு வருபவர் இரு திறத்தினர். வெளியிலிருந்து வரும் மாணவர், ஆய்வாளர், பிறநாட்டார் ஆகியோர் ஒரு திறம். அவர்கள் பெயர்ப்பலகையை வாசித்துப் பொருளை அறிகின்றனர். தோட்டத்திற் பிறந்தோர் மறுதிறம். அவர்கள் பொருளைக் கண்டு பெயரைச் சொல்கின்றனர். மட்டக்கம்பைக் கையிலெடுத்து, கொழுந்து எடுக்கும் மட்டத்தை எவ்வாறு பார்ப்பது எனச் செய்துகாட்டக்கூடிய பார்வையாளரைப் பெற்ற நூதனசாலைகள் உலகிற் பலவல்ல. பூர்தியு விவரித்த ஏற்பாடு இங்கு தலைகீழாகிறது. பல்கலைக்கழகத்திலிருந்து சென்ற நாம்தான் தாழ்ந்த குரலிற் பேசி, எதையும் தொடத் தயங்கி நின்றோம். சர்வதேச நூதனசாலைப் பேரவை 2022 ஓகஸ்டில் பிராக் நகரில் நூதனசாலை பற்றிய தன் வரைவிலக்கணத்தைத் திருத்தி, சமூகங்களின் பங்கேற்பை அதனுட் சேர்த்துக்கொண்டது. பெரு நிறுவனங்கள் தீர்மானம் நிறைவேற்றி அடைய முயலும் அந்நிலை இச்சிறு லயத்திற்கு வறுமையின் விளைவாகவே வாய்த்துவிட்டது.

இதுவரை கூறியவற்றால் முன்னையதைப் பழித்துப் பின்னையதைப் போற்றுவதே எமது நோக்கம் எனக் கொள்ளலாகாது. பின்னையதிலேயே கடினமான பிரச்சினை உள்ளது. நூதனசாலையின் இலக்கணம் இறந்தகாலம். பேழைக்குள் வைக்கப்பட்ட பொருள், இது முடிந்துவிட்டது என்று தன்னைத்தானே அறிவிக்கிறது. ஹந்தானையில் நிற்கும் உருட்டிக்கு அந்த இறந்தகாலம் பொருந்தும். அது மூப்படைந்து ஓய்ந்த இயந்திரம். லயத்துக்கு அது பொருந்துமா? நூதனசாலையான லயத்திலிருந்து வெளியே வந்து மலையைப் பார்த்தால், அதே வடிவில், அதே தகரக் கூரையுடன், அடுப்புப் புகை எழும் லயங்கள் தென்படுகின்றன. ‘இவ்வாறு வாழ்ந்தனர்’ என்ற வாசகம் உள்ளே உண்மை; ஐம்பது யார் தொலைவிற் பொய். முடியாத ஒன்றை முடிந்ததாகக் காட்டுவது, அறியாமலேனும், அதனை நிலைநிறுத்துவோருக்கு உதவுவதாகும். நகரத்திலிருந்து வருபவர், அக்காலத்தில் எத்துணைத் துன்பப்பட்டனர் என்று இரங்கி, இரக்கம் தந்த நிறைவோடு வாகனம் ஏறிவிடலாம். செத்த காலேஜ் என்ற பெயர் இவ்விடத்திற் கொடூரமான பொருளைப் பெற்றுவிடும்.

மறுபக்கமும் உண்டு. லயத்தைப் பேணாமல் விட்டால், புதிய வீடுகள் எழுந்து பழையவை இடிக்கப்படும் நாளில், அதுவே வேண்டப்படுவதும் விரைவில் வரவேண்டியதுமான நாள், சான்று எதுவும் எஞ்சாது. தென்னிந்தியத் தொழிலாளர் வருகையின் இருநூறாவது ஆண்டு நிறைவை முன்னிட்டு 2023ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவர்கள் சுவடு தேடியே நடந்தனர். அப்பாதையில் இறந்தோருக்குக் கல்லறைகள் இல்லை. சான்றில்லாத துயரத்தை மறுப்பது எளிது. ஆகவே லயத்தைப் பேணவும் வேண்டும். அதனை இறந்தகாலத்திற் சிறைவைக்காதிருக்கவும் வேண்டும். தொழிலாளர் நூதனசாலை இம்முரண்பாட்டைத் தீர்த்துவிட்டது என்று நாம் கருதவில்லை. ஆயின் அது அமைந்துள்ள இடம் அம்முரண்பாட்டை மறைக்கவும் விடுவதில்லை. கொழும்பிற் குளிரூட்டிய மண்டபமொன்றில் அதே பொருள்கள் வைக்கப்பட்டிருந்தால் நிலை வேறாகியிருக்கும். அவ்வாறு எடுத்துச்செல்லுமாறு நல்லெண்ணத்தோடு யோசனை கூறுவோரை நாம் சந்தித்துள்ளோம். அவர்களுடன் நாம் உடன்படவில்லை.

செய்யவேண்டிய காரியங்களுள் ஒன்றை மட்டும் இங்கு முன்வைக்கலாம். தேயிலைத் தொழிற்சாலைகளின் பழைய இயந்திரங்களைப் பார்த்தோர், அவற்றின் நெற்றியிற் பதித்த வார்ப்பிரும்புப் பெயர்களை நினைவிற் கொண்டிருப்பர். பெல்பாஸ்ற்றின் டேவிட்சன் கம்பனி, கேன்ஸ்பரோவின் மார்ஷல் கம்பனி என்று இயந்திரம் தன் பிறப்பிடத்தையும் பெற்றோரையும் கூறி நிற்கும். அதே காலத்து ஒளிப்படங்களிற் கூடை சுமந்து நிற்கும் பெண்களுக்குப் பெயரில்லை. கொழுந்து பறிப்போர், இலங்கை என்பதோடு படத்தின் கீழ் வாசகம் முடிந்துவிடும். தொழிலாளர் நூதனசாலை எத்துணை நேர்மையோடு அமைக்கப்பட்டாலும், ஒளிப்படம் பெயரின்றி வந்தால் அது பெயரின்றியே தொங்கும்.

ஆயின் பெயர்கள் இல்லாமற் போகவில்லை. தோட்டந்தோறும் செக்ரோல் எனப்படும் ஏடு இருந்தது. அதில் ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் நாள்தோறும் குறிக்கப்பட்டது. மலையக வழக்கில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு ஒருநாள் வேலை, அதற்குரிய சம்பளம் என்றும் பொருளுண்டு. கொழுந்தின் நிறை குறைந்தாலோ, நேரம் தவறினாலோ அரைப்பேர். நாற்பது ஆண்டு உழைத்த ஒரு பெண்ணின் வரலாறு அவ்வேடுகளில் முழுப்பேராகவும் அரைப்பேராகவும், பிள்ளைப்பேற்றுக்காக வெறுமையாக விடப்பட்ட சில வாரங்களாகவும் வரிசையாகக் கிடக்கிறது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992ஆம் ஆண்டு மீண்டும் தனியார் முகாமைக்குச் சென்ற கைமாற்றங்களின்போது பழைய ஏடுகள் சிதறிப்போவதற்கு வாய்ப்பு மிகுதி. எஞ்சியவை தோட்ட அலுவலகங்களின் பின்னறைகளில் இருக்கக்கூடும். வாசிக்கத் தெரிந்த முதியோர் உயிரோடிருக்கும்போதே, தோட்டத்திற் பிறந்த எமது மாணவர்கள் விடுமுறைக்கு ஊர் செல்லும் வேளையில் அவ்வேடுகளைத் தேடிப் பார்வையிட்டு, ஒளிப்படத்திலுள்ள ஒரு முகத்துக்கேனும் அதன் பேரைக் கண்டு எழுதிக்கொண்டு வரலாம்.